கேண்டி பெயின்ட்டில் கோளாறு: எந்த அடுக்கு என்று பார்த்த பிறகு கை வையுங்கள்

கேண்டி, அதாவது மின்னும் அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் சாயம் ஏற்றும் பெயின்ட், அடித்த வண்டியில் ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டதும் கை தானாக வாட்டர் பேப்பரைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். சாலிட் கலரிலும் மெட்டாலிக்கிலும் தேய்த்து, மறுபடி அடித்து, பஃபிங் போட்டு ஒப்பேற்றிவிடலாம். கேண்டியில் தேய்த்த இடம் தேய்த்த இடமாகவே தெரியும். மிளகளவு தூசியை எடுக்கப் போய், பானட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய வட்டத்தை நானே உண்டாக்கியிருக்கிறேன். பானட் முழுவதையும் அடியிலுள்ள பேஸ் அடுக்கிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூலியை யாரிடம் கேட்பது?

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சாக்லேட்டின் வெள்ளித்தாள் மேல் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கேண்டி அதேதான். அடியில் பிரைமர், அதன்மேல் வெள்ளியாகவோ தங்கமாகவோ மின்னும் பேஸ், அதன்மேல் ஒளி ஊடுருவும் சாயக் கோட் ஐந்தாறு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். வெளிச்சம் சாயத்தைத் துளைத்துப் போய், பேஸில் பட்டு, மறுபடி சாயத்தைத் துளைத்துத் திரும்புகிறது. ஒரு கோட் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று. ஐந்து கோட் இருந்தால் 100ல் ஏறத்தாழ 35 பங்கு திரும்பும். ஆறு கோட் என்றால் 28தான். ஒரே ஒரு கோட் கூடினதற்கு ஐந்தில் ஒரு பங்கு இருட்டு! சாதாரண பெயின்ட் நன்றாக மூடிவிட்ட பிறகு தடிமன் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே தடிமன்தான் நிறம்.

கலிஃபோர்னியாவில் கஸ்டம் கார் செய்துவந்த ஜோ பெய்லன், இரவில் ஈரச் சாலையில் விழுந்த டெயில் லைட்டின் சிவப்பைப் பார்த்து மயங்கி, அதைத் தகட்டில் கொண்டுவரப் பல வருடம் முயன்று ‘கேண்டி ஆப்பிள் ரெட்’டைப் பிடித்தார் என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் கதை. அவருக்கே வருடங்கள் ஆயிற்று என்றால், நமக்கு ஒரு வண்டி சொதப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் இரண்டு சோதனை

ஒன்று, தண்ணீர். கோளாறு தெரியும் இடத்தில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. ஈரமாக இருக்கும்போது கோளாறு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியரின் மேல்தோலில் இருக்கிறது. பஃபிங்கில் போய்விடும், நிம்மதியாக இருங்கள். ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் கோளாறு உள்ளே.

இரண்டாவது, கோணம். வண்டியை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நல்ல எல்.இ.டி. டார்ச் போதும். அந்தத் திட்டை நேராக நின்று பாருங்கள், பிறகு குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நேரில் வெளிச்சமாகவும் பக்கவாட்டில் இருட்டாகவும் மாறி மாறித் தெரிந்தால், பேஸில் உள்ள அலுமினியத் துகள்கள் தாறுமாறாகப் படுத்திருக்கின்றன. எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி இருட்டாகவே இருந்தால் அங்கே சாயம் தடித்திருக்கிறது. துகளுக்குத் திசை உண்டு, சாயத்துக்குத் திசை கிடையாது, அவ்வளவுதான் சூட்சுமம். இந்த இரண்டையும் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள்.

பட்டை பட்டையாகத் தெரிகிறது

கேண்டியில் அதிகம் வரும் தொல்லை இதுதான். கதவில் வரிக்குதிரை மாதிரி நீளவாக்கில் ஒரு கோடு இருட்டு, ஒரு கோடு வெளிச்சம். கோணம் மாற்றியும் மாறவில்லை என்றால் ஸ்ப்ரே கன் ஓடிய தடம் அது.

ஆளைத் திட்டுவதற்கு முன் கன்னைச் சோதியுங்கள். சுவரில் மாஸ்கிங் பேப்பரை ஒட்டி, பெயின்ட் விசிறி படுக்கைவாட்டில் விழும்படி கன்னின் வாயிலுள்ள ஏர் கேப்பைத் திருப்பி வைத்து, கன்னை அசைக்காமல் பெயின்ட் வழியும்வரை ட்ரிக்கரை அழுத்துங்கள். வழியும் கோடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம் இறங்கினால் கன் நன்றாக இருக்கிறது. நடுவில் மட்டும் நீளமாக இறங்கினால் விசிறிக்குக் காற்று போதவில்லை, அல்லது பெயின்ட் கெட்டியாக இருக்கிறது. இரண்டு ஓரமும் நீளமாக இறங்கி நடு காய்ந்து நின்றால் காற்று அதிகம். ஒரு பக்கமே இறங்கினால் எங்கோ அடைப்பு. அது எங்கே என்று தெரிய, ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். வழிசலும் எதிர்ப் பக்கம் போனால் அடைப்பு கேப்பில். அதே பக்கம் நின்றால் பெயின்ட் வெளிவரும் நாசிலில். கேப்பைத் தின்னரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் ஓட்டை அகன்றுவிடும். அப்புறம் அந்தக் கேப் பிரைமர் அடிக்க மட்டும்தான்.

கன் சரி என்றால் காற்று. எச்.வி.எல்.பி. கன் (காற்று அதிகம், அழுத்தம் குறைவு) பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி காற்று கேட்கும். சின்ன 2 எச்.பி. கம்ப்ரசர் அதை விடாமல் கொடுக்காது. பாதி ரூஃப் தாண்டும்போது அழுத்தம் இறங்கும், துளி பெரிதாகும், பட்டை விழும். கேஜைக் கன்னின் அடியிலேயே மாட்டி, ட்ரிக்கரை அழுத்தியபடி பாருங்கள். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். நீளமான ஹோஸ் வழியில் கொஞ்சம் தின்றுவிடும்.

கடைசியில்தான் கை. மெட்டாலிக்குக்கு ஒரு இழுப்பின் மேல் அடுத்த இழுப்பு பாதிக்குப் பாதி மேல்படிய அடித்துப் பழகியவர்கள் கேண்டியில் முக்கால் பங்கு மேல்படிய அடிக்க வேண்டும். தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், மணிக்கட்டை வளைக்காமல். கதவு ஒன்று, ஃபெண்டர் ஒன்று என்று துண்டு துண்டாக அடிக்காதீர்கள். ஹெட்லைட்டில் தொடங்கினால் டெயில் லைட் வரை நடந்தே முடியுங்கள். அடுத்த கோட்டைத் தொடங்கும்போது அரைப் பட்டை மேலேயோ கீழேயோ தள்ளித் தொடங்குங்கள், போன கோட்டின் தடத்தின் மேலேயே இந்தக் கோட்டின் தடம் விழாது. தின்னர் கூட்டி, சாயம் குறைத்து, மூன்று கனத்த கோட்டுக்குப் பதில் ஆறு மெல்லிய கோட். நேரம் எடுக்கும், உண்மைதான். ஆறில் ஒன்று கோணினால் மற்ற ஐந்து மறைத்துவிடும்; மூன்றில் ஒன்று கோணினால் மறைக்க ஆளில்லை.

ஏற்கெனவே பட்டை விழுந்துவிட்டதா? வேண்டிய நிறத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு கோட் பாக்கி இருந்தால் தப்பித்தீர்கள். சாயத்தை நன்றாக இளக்கி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லேசான கோட் போட்டால் அடங்கும். நிறம் எட்டிவிட்டது என்றால் மேலே போடப் போட வண்டி கறுக்கும், பட்டை போகாது. பேஸுக்குத் திரும்புவதுதான் வழி. அப்போதும் சாயத்தின் மேல் நேராக வெள்ளி பேஸை அடிக்காதீர்கள். ஏன் என்று, வெள்ளைக் கோடு ரோஸாவது பற்றிச் சொல்லும் இடத்தில் தெரியும்.

மேகம் போலத் திட்டுத் திட்டாக இருக்கிறது

கோணச் சோதனையில் மாறி மாறித் தெரிந்த கோளாறு இது. பேஸ் அளவுக்கு மேல் ஈரமாக விழுந்தால் அலுமினியத் துகள்கள் பெயின்ட்டுக்குள் மிதந்து, குவிந்து, கண்டபடி படுக்கும். வெறும் வெள்ளி பேஸில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத மேகத்தை, மேலே சிவப்பு ஏறியதும் கேண்டி ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதனால் பேஸ் காய்ந்ததும் கேண்டி கலக்குவதற்கு முன்பே டார்ச்சுடன் வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள். மேகம் தெரிந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஈரம் தெரியாத அளவுக்கு ஒரு லேசான தூவல் கோட். துகள்கள் சீராக உட்காரும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவற விட்டால் மருந்து கிடையாது. கேண்டி ஏறிய பிறகு தெரிந்த மேகத்துக்கு மறுபடி பேஸ்தான்.

இதே இடத்தில் தேய்ப்புக் கீறலும் பட்டி ஓரமும் சேர்ந்து தெரிகின்றனவா? பிரைமரை 400 நம்பர் பேப்பரில் தேய்த்து விட்டுவிட்டீர்கள். கேண்டிக்குக் கீழே 600, முடிந்தால் 800 வரை போக வேண்டும்.

ஓரங்கள் மட்டும் கறுத்திருக்கின்றன

கதவு விளிம்பு, பானட் மடிப்பு, வீல் ஆர்ச். கன் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஓரத்தில் இரண்டு முறை சாயம் விழுகிறது. ட்ரிக்கரை ஓரம் தாண்டிய பிறகு விடுங்கள், ஓரத்துக்கு முன்பே அழுத்துங்கள். ஓரத்தின் மேல் நின்று திரும்பாதீர்கள். கதவின் உட்புறத்தைத் தனியாக முதலிலேயே முடித்து மூடிவிட்டு வெளிப்புறம் அடித்தால் பாதித் தொல்லை குறையும். ஆனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்ணிக்கையில் கோட் போட வேண்டும், எண்ணிக்கையைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். மூன்றாவது கோட்டா நாலாவதா என்று டீக்குப் போய்விட்டு வந்து யோசிப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது.

பம்பர் ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம்

“அண்ணே, ஒரே டப்பாவிலதான் ஊத்தினேன், எப்படி மாறிச்சு?” என்று பையன் கேட்பான். டப்பா ஒன்றுதான். அடித்த நாள், கன், அழுத்தம், கோட் எண்ணிக்கை இதில் ஏதோ ஒன்று வேறு. கழற்றிய பாகங்களை ஸ்டாண்டில் வண்டியில் இருக்கும் அதே நிலையில் நிறுத்தி, உடம்போடு சேர்த்து ஒரே சுற்றில் அடியுங்கள். படுக்கப்போட்டு அடித்த பம்பரில் துகள் வேறு மாதிரி படுக்கும். முழு வண்டிக்குத் தேவையான கேண்டியை முதலிலேயே ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து, மறுபடி கலந்த சிவப்பு பழைய சிவப்பாக இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாதிரி அட்டை. இதைப் பலர் வெட்டிவேலை என்று நினைக்கிறார்கள், எனக்கு இது இல்லாமல் கன்னைத் தொட மனம் வராது. ஒரு தகட்டில் பிரைமர், பேஸ் போட்டுவிட்டு, ஆறு பட்டைகளாகப் பிரித்து டேப்பால் மூடுங்கள். ஒரு பட்டையைத் திறந்து ஒரு கோட், அடுத்ததையும் திறந்து இன்னொரு கோட் என்று போனால், கடைசியில் ஒன்றிலிருந்து ஆறு கோட் வரை ஏணி மாதிரி நிற்கும். மேலே கிளியர். வண்டிக்காரர் நாலாவது பட்டையைத் தொட்டுக் காட்டினால் நாலு கோட், பேச்சு முடிந்தது. வண்டிக்கு அடிக்கப்போகும் அதே கன்னில், அதே அழுத்தத்தில் இந்த அட்டையை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு வண்டியின் அட்டை.

தூசி விழுந்துவிட்டது, அல்லது வழிந்துவிட்டது

சாயக் கோட்டில் தூசி விழுந்தால் ஈரமாக இருக்கும்போதே மெல்லிய இடுக்கியால் எடுங்கள், அல்லது சுருட்டிய டேப்பின் நுனியால் தொட்டு எடுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். மேலே கிளியர் இரண்டு கோட் போட்டுக் காய்ந்த பிறகு, கிளியரை மட்டும் மட்டமாகத் தேய்த்து மறுபடி கிளியர் போடலாம். உள்ளே ஒரு கரும்புள்ளி தங்கும். வெளிறிய வட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். தரையை நனைப்பது, சட்டையை உதறிவிட்டு பூத்துக்குள் போவது எல்லாம் தெரிந்ததுதான். சாயம் தொடங்குமுன் பேஸ் மேல் இன்டர்கோட் கிளியர் (அடுக்குகளுக்கு நடுவில் போடும் கிளியர்) ஒரு கோட் போட்டுக்கொள்வது என் பழக்கம். பேஸில் மாட்டிய தூசியை அந்தக் கோட்டில் லேசாகத் தட்டிவிடலாம், வெள்ளி கலையாது.

வழிந்தது கிளியர் என்றால் கவலை இல்லை. முழுதாக இறுகும்வரை, அவசரப்படாமல், பொறுத்திருந்து பிளேடால் சீவி, 1500, 2000, 3000 என்று ஏறி பஃபிங். வழிந்தது சாயம் என்றால் அது கண்ணீர்க்கோடு மாதிரி இருட்டாகவே நிற்கும், எதைக் கொண்டும் சமன் செய்ய முடியாது. அந்தப் பாகத்தை மட்டும் பேஸுக்குக் கொண்டுபோங்கள். பக்கத்துப் பாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், அட்டையில் எண்ணிக்கை இருக்கிறது.

பால் படர்ந்தது போல வெளிறியிருக்கிறது

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பார்க்காத பெயின்ட்டர் இருக்க மாட்டார். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், தகடு 26 டிகிரிக்கு இறங்கினாலே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். வேகமான தின்னர் அந்த நாலு டிகிரியைச் சுலபமாக இறக்கிவிடும். தகட்டின் சூடு பனி பிடிக்கும் அளவைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் பொதுக் கணக்கு. அது இல்லாத நாளில் மெதுவான தின்னருக்கு மாறுங்கள், அல்லது மதியம் வரை பொறுங்கள். பேஸிலோ சாயத்திலோ வெளிறல் லேசாக இருந்தால், ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் சரக்கு) கலந்த தின்னரை மெல்லியதாகத் தூவி இளக்கிவிட்டு வெளியேற்றலாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியருக்குள் மாட்டியது வெளியே வராது; தேய்த்து மறுபடி கிளியர். வெயில் காலத்தில் இதே வெளிறல் வந்தால் கம்ப்ரசர் டேங்கைத் திறந்துவிட்டுப் பாருங்கள், உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும்.

வெயிலில் நிறுத்தியதும் ஊசிக்குத்து போலப் புள்ளிகள்

கோட்டுக்குக் கோட் இடைவெளி விடவில்லை. கேண்டியில் கோட் அதிகம், அடியில் சிக்கும் தின்னரும் அதிகம். மேல்தோல் காய்ந்துவிட, உள்ளிருந்து வரும் ஆவி அதைக் குத்திக்கொண்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் 10, 15 நிமிடம் கொடுங்கள்; கிளியருக்கு முன் இன்னும் கூட. சூட்டில் வைத்துப் பேக் செய்ய 60 டிகிரியில் அரை மணி என்றால் அது தகட்டின் சூடு, அறையின் சூடல்ல.

வெள்ளைக் கோடு ரோஸாகிவிட்டது

சிவப்புக் கேண்டி மேல் வெள்ளையில் டிசைன் போட்டிருப்பீர்கள். சாயம் கரையக்கூடியது; மேலே விழும் பெயின்ட்டின் தின்னரில் கரைந்து அதற்குள் ஏறிவிடும். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அதுதான். மேலே வெள்ளையை எத்தனை கோட் அடித்தாலும் ரோஸ் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சாயத்தை 2கே கிளியரால் பூட்டி, ஒரு நாள் இறுகவிட்டு, தேய்த்து, அதன்மேல்தான் டிசைன். பழைய கேண்டி வண்டியை மறுபடி அடிக்கும்போதும், பட்டை விழுந்து பேஸுக்குத் திரும்பும்போதும் இதே பூட்டு வேண்டும்.

2கே என்றால் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது என்று அர்த்தம். கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அது தூசிக்கே போதாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் இதற்குச் சரி. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய் ஆஸ்துமா பிடித்துவிட்டால் அந்தப் பெயின்ட்டருக்குத் தொழிலே போய்விடும்.

கிளியர் உரிகிறது

பெரும்பாலும், சாயம் அடித்துவிட்டு மறுநாள் வந்து கிளியர் போட்டதால். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் அடுத்த கோட் விழ வேண்டும். இன்னொரு காரணம் பேராசை: சீக்கிரம் கறுக்கட்டும் என்று சாயச் செறிவை அளவுக்கு மேல் ஊற்றினால், அந்தக் கோட்டில் பிடிமானம் கொடுக்கும் பிசின் குறைந்துபோகும்.

ரூஃபும் பானட்டும் வெளுத்துவிட்டன

பக்கக் கதவுகள் பளிச்சென்று இருக்க மேல்புறம் மட்டும் வெளுத்தால் அது வெயில். சாயம், கரையாத நிறத்தூளான பிக்மென்ட்டைவிடப் பளபளப்பு; ஆனால் ஆயுள் குறைவு. பஃபிங் போட்டால் நிறம் திரும்பும் என்று நம்பாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு கிளியருக்குள்தான் இருக்கிறது, பஃபிங் ஒவ்வொரு தடவையும் அதில் சில மைக்ரானைச் சுரண்டுகிறது. வெளுத்த பாகத்துக்கு மறுபடி பேஸ்தான். புதிதாக அடிப்பதென்றால் நல்ல கிளியருக்குச் செலவழியுங்கள், வண்டிக்காரரிடம் நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கதவில் மட்டும் ஒரு கீறல்

சாவியால் யாரோ கிழித்துவிட்டார்கள். “அந்த இடத்துக்கு மட்டும் டச்சப் பண்ணிக் குடுங்க” என்பார்கள். கேண்டியில் இடம் மட்டும் என்று ஒன்று கிடையாது, பாகம் முழுவதும்தான். 2017 சி.எக்ஸ்-5ல் வந்த மஸ்தாவின் சோல் ரெட் கிரிஸ்டல் தொழிற்சாலையில் ரோபோ அடிப்பது. அதிலும் அலுமினியத் துகள் அடுக்கு, ஊடுருவும் சிவப்பு, கிளியர் என்று மூன்று அடுக்குதான். அதைப் பழுது பார்ப்பவர்களுக்கும் இதே தலைவலி. கதவுக்குப் பேஸ் போட்டு, சாயத்தை முன் ஃபெண்டரிலும் பின் கதவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், மூன்று பாகத்துக்கும் விளிம்பு முதல் விளிம்பு வரை கிளியர் போட வேண்டும். கூலியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடித்த பிறகு சொன்னால் சண்டை வரும்.

இந்த இடத்தில் கைகொடுப்பது பழைய மாதிரி அட்டைதான். அதன் பின்பக்கம் பேஸ் எது, சாயம் எவ்வளவு, தின்னர் எவ்வளவு, நாசில் அளவு, அழுத்தம், எத்தனை கோட், தேதி எல்லாம் மார்க்கரால் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதே மாதிரி இன்னொன்று அடித்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தொலைத்துவிடுவார்.